தப்பில்லாமல் எழுதத் தெரிந்த பிறகு

திருப்பூரில் பழைய பேருந்து நிலையத்திலிருந்து புது பேருந்து நிலையம் வரைக்கும் ஒரு நடை போனால், ஆங்கிலம் கற்றுத் தருகிறோம் என்கிற நோட்டீஸ்களை எண்ணி மாளாது. முப்பதே நாளில் சரளம், இலக்கணம் தேவையில்லை, பெண்களுக்குத் தனி பேட்ச், ஞாயிறு வகுப்பும் உண்டு. மின்கம்பத்தில், டீக்கடைச் சுவரில், மூடிக் கிடக்கிற கடையின் ஷட்டரில் என்று எங்கும் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாமே ஆரம்பிக்கிறவர்களுக்கு. "ஐ கோ, ஹீ கோஸ்" என்று தொடங்கி, கடைசி நாளில் மைக்கைப் பிடித்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதோடு முடிகிற வகுப்புகள். தப்பென்று சொல்ல மாட்டேன், ஆரம்பிக்கிறவர்களுக்கு அது வேண்டும்தான். ஆனால் ஆரம்பித்து, பாதி தூரம் வந்து, பல வருஷமாக அங்கேயே நிற்கிறவர்களுக்கு இந்த ஊரில் ஒரு நோட்டீஸும் கிடையாது.

நான் அந்தப் பாதியில் நிற்கிற கூட்டத்தைச் சேர்ந்த ஆள். ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். திருப்பூர் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்வதென்றால், வெளிநாட்டு பையருக்கும் இங்கே இருக்கிற நிட்டிங், டையிங், பிரிண்டிங், கட்டிங், ஸ்டிச்சிங் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு ஆர்டரை முதல் சாம்பிளிலிருந்து கன்டெய்னர் ஏறுகிற வரை இழுத்துக்கொண்டு போகிற வேலை. காலையில் ஆங்கிலத்தில் வந்த மெயிலைப் படிப்பது, பகலெல்லாம் தமிழில் சண்டை போடுவது, சாயங்காலம் அந்தச் சண்டையின் முடிவை ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதி அனுப்புவது. பிழைப்பே அதுதான். படித்தது தாராபுரம் பக்கத்தில் அரசுப் பள்ளி, தமிழ் வழி. பக்கத்து சீட்டில் இருப்பவர் மெட்ரிக் பள்ளியில் ஆங்கில வழி. இரண்டு பேரும் இன்றைக்கு நிற்பது ஒரே இடத்தில்.

அந்த இடம் எப்படி இருக்கும் என்றால், மெயில் தப்பில்லாமல் எழுத வரும். டெக் பேக்கை, அதாவது உடையின் அளவும் தையல் விவரமும் அடங்கிய பையரின் குறிப்பை, வரி விடாமல் படிக்க வரும். செய்தித்தாள் புரியும். படம் பார்த்தால், சப்டைட்டில் இருந்தால் வசனம் புரியும், எடுத்துவிட்டால் கதை மட்டும் புரியும். பையரோடு போனில் பேச வேண்டும் என்றால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போகும். பேசியும் விடுவோம். ஆனால் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல், சொல்ல முடிந்ததைச் சொல்லிவிட்டு வைப்போம்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் மொழித் திறனுக்கு ஓர் அளவுகோல் வெளியிட்டது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி. வெளிநாட்டு வேலைக்கும் விசாவுக்கும் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். இதில் பி1 கொஞ்சம் பழையது. வேறொரு நாட்டில் போய் இருக்கிற ஒருவர், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள எவ்வளவு மொழி வேண்டும் என்று அதே கவுன்சில் 1975-லேயே கணக்குப் பார்த்து, அந்த அளவுக்கு 'வாசற்படி' என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்தது. பொருத்தமான பெயர். படியைத் தாண்டிவிட்டோம், திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டோம், வீட்டுக்குள் போகவில்லை.

கேம்பிரிட்ஜ் தேர்வு நடத்துகிறவர்கள் இதற்கு மணிக்கணக்கும் சொல்கிறார்கள். ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து பி1 வர ஏறத்தாழ 350 முதல் 400 மணி நேரம், பி2 வர 500 முதல் 600, சி1 வர 700 முதல் 800. அதாவது ஒரு படி ஏற 150, 200 மணி நேரம். தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு படிக்கே சுமார் ஒரு வருஷம். முப்பது நாள் நோட்டீஸை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்தோமே, அந்த மணிகளெல்லாம் எங்கே போயின என்று கேட்கலாம். அதில் பெரும்பகுதி, பாடத்தின் கடைசியில் இருக்கிற கேள்விகளுக்கு நோட்ஸில் இருந்த பதிலை மனப்பாடம் பண்ணப் போய்விட்டது. அதைக் கணக்கில் சேர்த்தால் கேம்பிரிட்ஜ்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் வேகமாக ஏறிவிட்டு நடுவில் நின்றுபோவதற்கு, சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது. மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் ஆங்கிலேயர், அப்போதைய வங்காளத்தில் டாக்காவில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்கு எந்தச் சொற்களை முதலில் கற்றுக்கொடுத்தால் அதிகம் பயன்படும் என்பதிலேயே பல வருஷம் உழைத்தார். 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள். எந்த ஆங்கிலப் பக்கத்தை எடுத்தாலும் அதில் பெரும்பகுதியை இந்த இரண்டாயிரமே அடைத்துக்கொள்ளும். கற்றுக்கொண்ட ஒவ்வொரு சொல்லும் மறுநாளே எங்காவது எதிரே வந்து நிற்கும். அதனால்தான் ஆரம்பத்தில் தினமும் முன்னேறுகிற மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு கணக்கு மாறுகிறது. நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டுச் சொன்னது: நாவலோ செய்தித்தாளோ, நூற்றில் 98 சொல் தெரிந்த நிலையில் படிக்க வேண்டுமானால் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும். இரண்டாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பெரிய வெளியில்தான் நாங்கள் நிற்கிறோம். அங்கே இருக்கிற சொல் ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது. இன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டால், அடுத்து அதைப் பார்ப்பதற்குள் மறந்துவிடும். அதே உழைப்பைத்தான் போடுகிறோம், பலன் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் "நமக்கு அவ்வளவுதான் வரும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, இது சொற்களின் கணக்கு. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிற காரணம் வேறு. சரக்கு போய்விடுகிறது. எங்கள் ஆங்கிலம் இருக்கிற நிலையிலேயே ஆர்டர் வருகிறது, சாம்பிள் அப்ரூவல் ஆகிறது, கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புகிறது, பணமும் வருகிறது. பையரும் புரிந்துகொள்கிறார், யாரும் திருத்துவதில்லை. வேலைக்குப் போதுமான இடத்தில் மொழி நின்றுவிடும். லாரி செலின்கர் என்கிற மொழியியலாளர் 1972-இல் இதைப் பற்றி எழுதினார். இரண்டாம் மொழி கற்கிறவர் தாய்மொழிக்கும் அந்த மொழிக்கும் நடுவில் தனக்கென்று ஒரு மொழியைக் கட்டிக்கொள்கிறார், அதில் சில பிழைகள் கல்லாக இறுகிப்போகின்றன என்றார். "டிஸ்கஸ் அபவுட்" என்று தப்பாக எழுதினால் எந்த ஷிப்மென்ட்டும் நிற்காது. நிற்காததால்தான் அது இறுகிப்போகிறது.

அப்படியானால் எங்கே போதாமல் போகிறது என்று தேடிப் போனால்தான் நகர முடியும். எங்கள் தொழிலில் முதலில் போதாமல் போவது, எல்லாச் சொல்லும் தெரிந்த வாக்கியத்தில்.

பிரிட்டிஷ் பையர்களோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஸ்பெயின்காரர், போலந்துக்காரர் மெயிலெல்லாம் சுலபம். அவர்களும் எங்களைப் போல நடுவில் நிற்கிறவர்கள்தான். "ஷேட் நாட் ஓகே, ப்ளீஸ் ரீசப்மிட்" என்று எழுதுவார்கள், அதாவது நிறம் சரியில்லை, மறுபடி அனுப்புங்கள். விஷயம் முடிந்தது. லண்டனிலிருந்து வருவது வேறு மாதிரி. "வி வேர் ராதர் ஹோப்பிங் டு சீ த செகண்ட் ஃபிட் பை தர்ஸ்டே." இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது அளவு சாம்பிளை வியாழக்கிழமைக்குள் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டார்களாம், அவ்வளவுதானே என்று தோன்றும். உண்மையில் அவர்கள் சொல்வது: வியாழக்கிழமை என்று சொன்னோம், வரவில்லை, எரிச்சலில் இருக்கிறோம். "ஐ அம் எ லிட்டில் கன்சர்ன்ட் அபவுட் த ஷேட்" என்றால், 'கொஞ்சம்' என்ற சொல்லை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. டையிங்குக்கு உடனே போனைப் போட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு ஒரு தடவை இப்படி வந்தது: "யூ மைட் வாண்ட் டு ஹேவ் அனதர் லுக் அட் த நெக் ரிப் பிஃபோர் பல்க்." மொத்தத் தயாரிப்புக்கு (பல்க்) முன்னால் கழுத்துப் பட்டியை (நெக் ரிப்) இன்னொரு தடவை பார்க்க நினைக்கலாம் என்று நேர் அர்த்தம். தம்பி கல்லூரியில் ஆங்கிலத்தில் நல்ல மார்க். 'மைட்' என்றால் வேண்டுமானால் செய்யலாம், வேண்டாமானால் விடலாம் என்று படித்திருக்கிறார். சாம்பிளில் நெக் ரிப் லேசாக அலை அலையாக நின்றது, ஐயர்ன் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பல்க் கட்டிங் எப்போது என்று கேட்கப் போய்விட்டார். மெயிலை மேலோட்டமாகப் பார்த்த சீனியர் அக்கா இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டார். "ஏந்தம்பி, இதுல எங்க 'வேணும்னா' இருக்குது? உத்தரவு போட்டிருக்கறாங்க. ரிப் அளவைக் குறைச்சு மறுபடி தெச்சு, போட்டோவோட இன்னிக்கே பதில் போடு." அக்கா பி.காம். முதல் வருஷத்தோடு நிறுத்தியவர். இலக்கணத்தில் தம்பியைவிட நிறையத் தப்பு விடுவார். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் எத்தனை கிலோ என்று அவருக்குத் தெரியும். அந்த எடை எந்த நோட்ஸிலும் கிடையாது. நூற்றுக்கணக்கான மெயில்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன நடந்தது என்று பார்த்துப் பார்த்து வந்தது.

இதே விஷயம் எதிர்த் திசையிலும் உண்டு, அதாவது நாங்கள் எழுதுவதில். கொங்குப் பக்கம் 'ங்க' போடாமல் வாக்கியம் முடியாது. வாங்க, சொல்லுங்க, ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க. மரியாதை சொல்லின் வாலிலேயே தொங்கும், தனியாக யோசிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த இடம் காலி. காலியாக விட எங்களுக்கு மனசு வராது. அதனால் கண்ட இடத்திலெல்லாம் 'கைண்ட்லி', 'ப்ளீஸ்', 'டியர் சார்'. "கைண்ட்லி அப்ரூவ் த லேப் டிப் இம்மீடியட்லி." லேப் டிப் என்றால் நிறம் சரிபார்க்கச் சாயம் போட்டு அனுப்புகிற துணித் துண்டு. எழுதினவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்பதாக நினைத்துத்தான் எழுதினார். படிக்கிறவருக்கு மேஜையைத் தட்டிக் கேட்கிற மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் மரியாதையில் பாதி வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. 'கேன்' என்பதைக் 'குட்' ஆக்கினால் ஒரு படி பணிவு. "ஐ வாண்ட் டு ஆஸ்க்" என்பதற்குப் பதில் "ஐ வாண்டட் டு ஆஸ்க்" என்றால் இன்னும் கொஞ்சம். "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்" என்றால் கிட்டத்தட்ட எங்கள் 'ங்க' வந்துவிட்டது. இப்போது வேண்டியதை, முன்பு எப்போதோ நினைத்த மாதிரி சொல்கிறார்கள். காலத்தைப் பின்னுக்குத் தள்ளினால் கேட்கிறவர் மேல் விழுகிற பாரம் குறைகிறது. பள்ளிக்கூடத்தில் இறந்தகாலம் என்றால் நடந்து முடிந்தது என்று சொல்லிக்கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் இறந்தகாலத்துக்கு இத்தனை வேலை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

இந்த மாதிரி விஷயத்துக்கு அகராதி உதவுமா? உதவும், ஆனால் போனில் இருக்கிற ஆங்கிலம்–தமிழ் அகராதி உதவாது. அது அர்த்தத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடும். நடுவில் நிற்கிறவருக்குப் பெரும்பாலும் அர்த்தம் தெரியும். அந்தச் சொல் எதோடு சேரும், எதோடு சேராது என்பதுதான் தெரியாது. அதற்கென்றே ஒரு அகராதி இருக்கிறது, அது பிறந்த இடம் ஜப்பான். ஹெரால்ட் பாமர் என்கிற ஆங்கிலேயர் 1920-களில் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தினார். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூட்டாக வருகிறது என்று அங்கே பட்டியல் போட்டார்கள். அவரோடு சேர்ந்து வேலை பார்த்த ஏ. எஸ். ஹார்ன்பி அங்கேயே ஓர் அகராதி தயாரித்தார். அது 1942-இல் டோக்கியோவில் அச்சானது, அதாவது ஜப்பானும் இங்கிலாந்தும் போரில் இருந்த சமயத்தில். 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் பரிசாகக் கொடுப்பார்களே, பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்குமே, அந்தத் தடித்த ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் பூர்வீகம் இதுதான்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களை மனசில் வைத்தே செய்தது என்பதால், 'டிஸ்கஸ்' என்று பார்த்தால் அதற்குப் பின்னால் நேராகப் பெயர்ச்சொல் வரும், 'அபவுட்' வராது என்று அதில் இருக்கும். 'எக்ஸ்ப்ளெயின்' போட்டால் 'மீ' வராது, 'டு மீ' வரும் என்று இருக்கும். 'இன்ஃபர்மேஷன்' எண்ண முடியாத சொல், பன்மை கிடையாது என்று ஒரு சின்னக் குறி இருக்கும். அந்தக் குறிகளை நாங்கள் யாரும் படித்ததில்லை, அர்த்தத்தைப் பார்த்ததும் மூடிவிடுவோம். இப்போது அது இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. தெரியாத சொல்லைத் தேடுவதைக் குறைத்து, தெரிந்த சொல்லைத் தேட ஆரம்பித்தால் நடுவில் நிற்பவருக்கு அதைவிட லாபமான வேலை இல்லை. 'டேக்', 'புட்', 'கெட்' என்று போய்ப் பாருங்கள், பக்கம் பக்கமாக ஓடும்.

இனி காது. எழுத்தில் இத்தனை முன்னேறியவர்களும் போன் கால் வந்தால் தடுமாறுவதற்குக் காரணம் பயம் என்று வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்வார்கள். "தயங்காமல் பேசுங்கள், தைரியம் வந்தால் ஆங்கிலம் வரும்." எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எங்கள் ஹாலில் தைரியத்துக்குப் பஞ்சமே கிடையாது, டையிங் ஓனரிடம் தொண்டை கிழியச் சண்டை போடுகிறவர்கள்தான். பிரச்சினை, எதிரே பேசுகிறவர் சொன்னதில் ஒரு பகுதி காதில் விழவே இல்லை என்பது.

தமிழில் ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய நேரம் கிடைக்கும். குறிலுக்குக் குறில் அளவு, நெடிலுக்கு நெடில் அளவு. ஆங்கிலத்தில் முக்கியமான சொல்லை அழுத்தி, மற்றதையெல்லாம் நசுக்கிவிடுவார்கள். 'கேன்' என்று நாம் எழுத்தில் பார்க்கிற சொல், வாக்கியத்துக்கு நடுவில் வந்தால் 'க்ன்' என்று பல்லிடுக்கில் போய்விடும். அமெரிக்கர்கள் 'கான்ட்' என்பதைக் 'கேன்ட்' என்று சொல்லி, கடைசி 'ட்'டை விழுங்கிவிடுவார்கள். காதில் விழுவது 'கேன்' மாதிரியே இருக்கும். நாம் எதிர்பார்க்கிற முழுக் 'கேன்' அதுதானே? முடியாது என்று சொன்னதை முடியும் என்று எடுத்துக்கொள்வோம். "வி கேன்ட் டேக் த பேலன்ஸ் பை ஏர்." மீதிச் சரக்கை விமானத்தில் எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார். இதை மாற்றிக் கேட்டால் என்ன ஆகும் என்று ஏர் ஃபிரைட் பில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு குறுக்குவழி உண்டு: அழுத்திச் சொன்னால் முடியாது, விழுங்கிச் சொன்னால் முடியும். வாக்கியத்தின் கடைசியில் வந்தால் மட்டும் 'கேன்' முழுசாக ஒலிக்கும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ்காரர்களிடம் இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் 'கா' என்று நீட்டிவிடுவார்கள். (மெயிலில் சுற்றி வளைப்பவர்கள் இதிலாவது நேராக இருக்கிறார்களே!) கால் முடிந்த கையோடு "ஆஸ் பெர் அவர் கால்" என்று ஆரம்பித்துப் பேசினதையெல்லாம் மெயிலில் போட்டுவிடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். பார்த்தால் அலுவலக நடைமுறை மாதிரி இருக்கும், உண்மையில் காதுக்கு இன்ஷூரன்ஸ்.

காதைப் பழக்க, அமெரிக்க அரசு வானொலியின் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' மாதிரி நிகழ்ச்சிகளைச் சொல்வார்கள். 1959-இல் தொடங்கியது. சுமார் 1,500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செய்தி வாசித்தார்கள். ஆரம்பத்துக்கு அருமை. ஆனால் நடுவில் நிற்பவருக்கு அது பொய்யான ஆறுதல். எல்லாம் புரிகிறது, ஏனென்றால் எதையும் நசுக்காமல் சொல்கிறார்கள். எனக்குப் பயன்பட்டது வேறு. சாதாரணமாகப் பேசுகிற ஒரு பேட்டியில் இருபது முப்பது வினாடித் துண்டை எடுத்து, திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்டதை அப்படியே எழுதுவது. பிறகு அதன் எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுவது. விட்டுப்போன சொற்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒன்றுகூடப் பெரிய சொல்லாக இருக்காது. 'டு', 'ஆஃப்', 'தெம்', 'ஹேவ்' இவைதான். மூன்றாம் வகுப்புச் சொற்கள். 'வுட் ஹேவ்' என்பது 'வுடவ்' என்று போயிருக்கும். இதை ஒரு மாதம் செய்தால் காதில் அடைப்பு எடுத்த மாதிரி இருக்கும் என்று எழுத ஆசைதான், அப்படி ஒன்றும் நடக்காது. மெதுவாகத்தான் வரும். அலுப்பும் தட்டும். ஆனால் வரும்.

அப்புறம், துணி வெட்டுவதற்கான அச்சு வரைகிற எங்கள் பேட்டர்ன் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பையரின் டெக்னீஷியன் ஃபிட் பார்க்க வந்தால் பக்கத்தில் நிற்கிற எங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவரே பேசுவார். "ஆர்ம்ஹோல் டைட். ஹாஃப் சென்டிமீட்டர் டவுன். ஷோல்டர் ஓகே. பாடி லெங்த் டோன்ட் டச்." டம்மி மேல் துணியைப் பிடித்துக் காட்டிக்கொண்டே பேசுவார், அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுப்பார். நாங்கள் நான்கு வாக்கியத்தில் சொல்வதை மாஸ்டர் நான்கு சொல்லில் முடித்துவிடுவார்.

என். எஸ். பிரபு என்கிற பேராசிரியர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, எந்த ரயிலைப் பிடித்தால் நேரத்துக்குப் போகலாம் என்கிற மாதிரிக் கணக்குகளை ஆங்கிலத்தில் போட வைத்தார். மனசு விஷயத்தில் இருக்கும்போதுதான் மொழி படியும் என்பது அவர் வாதம். உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் இதைப் பற்றி விவாதிக்கிறார்கள், நம் ஊரில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. எங்கள் மாஸ்டர் அந்த வகுப்புக்குப் போகாமலே அந்த வழியில் கற்றவர்.

ஆனால் அதே டெக்னீஷியனோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வரும் வழியில் நொய்யல் பாலத்தைத் தாண்டியிருக்கிறார். ஆற்றில் ஏன் தண்ணீர் இப்படி இருக்கிறது, என்ன ஆயிற்று என்று கேட்டார். மேஜையில் அமைதி. ஃபிட் பற்றி வாய் ஓயாத மாஸ்டர் சோற்றைப் பிசைந்தார். என் பக்கத்தில் இருந்தவர், "வாட்டர் ப்ராப்ளம் மேடம், நவ் பெட்டர்" என்றார். அவ்வளவுதான். திருப்பூர்க்காரர்கள் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடிய விஷயம் அது. நொய்யலின் குறுக்கே இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது, விவசாயிகள் வழக்குப் போட்டது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, துணிக்குச் சாயம் போட வெளியூர் வெளியூராக அலைந்தது என்று மேஜையில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு. தொழிலுக்குள் பி2-வில் நிற்கிற நாங்கள், தொழிலுக்கு வெளியே ஓர் அடி வைத்தால் ஏ2. ஆறு படி அளவுகோலில் ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு படியில் நிற்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது மெயிலைச் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கிறது. புதிதாக வருகிறவர்களின் மெயில் பளபளவென்று இருக்கிறது. "ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்" என்று தொடங்காத மெயிலே இல்லை. வேலை நடக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்னதுதான்: போதுமான இடத்தில் மொழி நின்றுவிடும். முன்பு பி1-இல் போதுமானதாக இருந்தது, இனி ஏ2-விலேயே போதும். எழுதித் தரச் சொல்வதைவிட, நாமே எழுதி, இது படிக்கிறவருக்கு எப்படித் தொனிக்கும் என்று அதனிடம் கேட்டால் ஏதாவது கிடைக்கும். எங்கள் அக்கா மாதிரி சொல்லாது என்றாலும் ஓரளவு சொல்கிறது.

படிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் ஆங்கிலம் வளர வேண்டுமா, தினமும் 'தி ஹிந்து' தலையங்கம் படி என்பார்கள். நடுவில் நிற்பவருக்கு அதைவிட மோசமான யோசனை கிடையாது. அந்த நடையில் யாரும் பேசுவதில்லை, யாருக்கும் மெயில் எழுதுவதும் இல்லை. அதே பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எவ்வளவோ மேல். மேட்சை ஏற்கெனவே பார்த்திருப்போம், கதை தெரியும், சொல் மட்டும் புதிது. சமையல் குறிப்பும் நல்லது. சொற்களைக் குறைத்துத் திருப்பி எழுதிய சுருக்கக் கதைப் புத்தகங்கள் இன்னும் நல்லது, ஆனால் மெல்லிசாக, படம் போட்டு இருப்பதால் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். அட்டை போட்டுப் படியுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது.

நொய்யல் விவகாரத்துக்குப் பிறகு நான் எடுத்துக்கொண்ட பயிற்சி பால் நேஷன் எழுதியிருக்கிற ஒன்று. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிஷம் பேச வேண்டும், பிறகு அதையே மூன்று நிமிஷத்தில், பிறகு இரண்டு நிமிஷத்தில். வேறு வேறு ஆட்களிடம் சொல்வதுதான் முறை. எனக்கு அத்தனை ஆட்கள் கிடைக்காததால் போனில் பதிவு பண்ணிக்கொள்கிறேன். முதல் சுற்றில் எந்த இடத்தில் திணறினோம் என்று தெளிவாகத் தெரிந்துவிடும். 'தேங்கியது' என்பதற்குச் சொல் இல்லாமல் நின்றிருப்பேன், 'தடை உத்தரவு' வந்ததும் சுற்றி வளைத்திருப்பேன். அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு அடுத்த சுற்று. அதே கதை என்பதால் எதைச் சொல்வது என்கிற கவலை இல்லை, எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் மீதி. ஊரைப் பற்றி, அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி, வீடு கட்டக் கடன் வாங்கினதைப் பற்றி என்று தமிழில் அடிக்கடி சொல்கிற எந்தக் கதையும் இதற்கு ஆகும்.

நொய்யல் கதையில் அணையும் வழக்கும் தீர்ப்பும் இப்போது தடங்கல் இல்லாமல் வருகின்றன. சாயத் தண்ணீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கிற பிளான்ட் எப்படி வேலை செய்கிறது என்கிற இடம் வந்தால் மட்டும் நின்றுவிடுகிறேன். அதற்கு ஆங்கிலத்தைக் குறை சொல்ல முடியாது. தமிழிலும் எனக்கு அது அவ்வளவுதான் தெரியும்.